மூலிகைப் பொடி கேப்சூல்: வயிற்றில் கனக்காமலும் பலன் குறையாமலும் எடுப்பது எப்படி?

பசுந்தழை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக மஞ்சள், அமுக்கரா (அசுவகந்தா), திரிபலா ஆகிய மூன்று பொடிகளையும் சம அளவில் கலந்து, வெற்றுக் கேப்சூல் கூடுகளை வாங்கி, நானே கையால் அடைத்து எடுத்து வருகிறேன். பொடியின் துவர்ப்பையும் கசப்பையும் நாக்கு தாங்கவில்லை என்பதால்தான் கேப்சூலுக்கு வந்தேன். இரட்டைச் சுழியம் எனப்படும் பெரிய அளவுக் கூட்டில், ஒரு சிறு குச்சியால் அழுத்தித் திணித்து, இனி இடமில்லை என்னும் வரையில் நிரப்புவேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஆறு கேப்சூல்களையும் இரண்டு மூன்று மடக்குத் தண்ணீரோடு ஒரே நேரத்தில் விழுங்கி விடுவது வழக்கம்.

முதல் ஓரிரு வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. இப்போது, விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் கல்லை வைத்தாற்போல் கனம் ஏற்படுகிறது. அதைத் தொடர்ந்து பொடியின் வாசத்தோடு ஏப்பம் வருகிறது. சில நாட்களில் குமட்டி, நண்பகல் வரை பசியே எடுப்பதில்லை. சென்ற வாரம் ஒரு கேப்சூல் நெஞ்சுக்குழிக்கு மேலே ஒட்டிக்கொண்டது போன்ற உணர்வு ஏற்பட்டு, இரண்டு மணி நேரம் வலித்துக்கொண்டே இருந்தது. இத்தனை சிரமப்பட்டும், எடுப்பதற்கேற்ற பலன் கிடைக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பொடியை இன்னும் மைபோல அரைத்தால் எளிதில் செரிக்குமா, தாவரப் பொருளால் ஆன கூட்டுக்கு மாறினால் கனம் குறையுமா, மஞ்சளோடு மிளகு சேர்த்தால் பலன் பல மடங்கு கூடும் என்கிறார்களே, அதைச் சேர்க்கலாமா, உணவுக்கு முன் எடுப்பது நல்லதா பின் எடுப்பது நல்லதா என்பவை என் ஐயங்கள். கேப்சூலை விட்டுவிட்டுப் பொடியாகவே எடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அது எனக்கு முடியாததால்தான் இங்கு வந்திருக்கிறேன்.

சல்லடை (மறுமொழி)

வணக்கம். மருந்து உற்பத்தியில் கேப்சூல் அடைக்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், பொடியைப் பற்றியும் கூட்டைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். எந்த மூலிகை எதற்கு என்பதை அத்துறையினர் சொல்லட்டும்.

முதலில் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில், உடல் சூட்டுக்கு நிகராக, விரலை விட்டால் சுடாமலும் குளிராமலும் இருக்கும் தண்ணீரை எடுத்து, நீங்கள் அடைத்த கேப்சூல் ஒன்றை அதில் போட்டு, அவ்வப்போது மெதுவாகச் சுழற்றிக்கொண்டு, அரை மணி நேரம் கவனியுங்கள். சாதாரணக் கேப்சூல்கள் 30 நிமிடங்களுக்குள் சிதைந்துவிட வேண்டும் என்பதே மருந்தியல் தரநூல்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. வீட்டுச் சோதனை ஆய்வகத்துக்கு ஈடாகாது என்றாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்கள் கண்ணுக்குக் காட்டிவிடும்.

என் கணிப்பில் உங்கள் சிக்கலுக்குக் கூட்டைவிடத் திணிப்பே பெரிய காரணம். கேப்சூல் செரிப்பது என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு கட்டங்கள். கூடு கரைவது முதலாவது. அது சில நிமிட வேலை. உள்ளிருக்கும் பொடி நனைந்து, பிரிந்து, இரைப்பை நீரில் பரவுவது இரண்டாவது. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். தாவரப் பொடியைக் குச்சியால் இறுக்கினால், துகள்களுக்கிடையே நீர் புகும் வழி அடைபட்டு விடுகிறது. மேற்பரப்பு மட்டும் நனைந்து, கூழ்போலப் பிசுபிசுத்து, ஒரு தோலாக மாறி, உள்ளே இருக்கும் உலர்ந்த பொடிக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிறது. சப்பாத்தி மாவில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உலர் மாவோடு கட்டி விழுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே கதைதான். அத்தகைய கட்டிகள் ஆறு, இரண்டு மடக்குத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் கனக்காமல் என்ன செய்யும்? மிதக்கும் கட்டி இரைப்பையின் மேற்பகுதியில் தங்குவதால்தான் ஏப்பத்தில் பொடி வாசம் வருகிறது.

மைபோல அரைப்பது குறித்துக் கேட்டிருந்தீர்கள். சன்னமான துகளுக்குப் பரப்பளவு அதிகம் என்பதால் சத்து விரைவாக வெளிவரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 80 கண் சல்லடையில், அதாவது சுமார் 180 மைக்ரான் அளவில் சலிந்து விழும் பொடி போதுமானது. அதற்கும் கீழே போகப் போகப் பொடி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு உருளும். காற்றோடும் ஈரத்தோடும் கலந்து விரைவில் கெடும். அரைக்கும்போது எழும் சூட்டில் வாசனை எண்ணெய்கள் பறந்துவிடும். ஆகவே இடைவெளி விட்டுவிட்டு அரைத்து, பாத்திரம் சூடேறாமல் பார்த்துக்கொள்வதே மேலும் மேலும் அரைப்பதைவிடப் பயன் தரும்.

கட்டி விழாமல் இருக்கப் பொடியைக் குருணையாக்குவது எங்கள் துறையில் பழகிய வழி. பொடியில் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறினால், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் கரடுமுரடான சல்லடையில் தேய்த்து, தட்டில் பரப்பி, முழுவதும் உலர்த்தி அடைத்தால், குருணைகளுக்கிடையே இருக்கும் வெளியில் தண்ணீர் எளிதாகப் புகும். முழுவதும் உலர வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். அரைகுறையாக உலர்ந்ததைக் கூட்டில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த வசதி இல்லையென்றால் குறைந்தபட்சம் திணிக்காமல், கூட்டை மேசையில் இரண்டு முறை தட்டி நிரம்பும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்குப் புரதமான ஜெலட்டினால் ஆன கூடு வெதுவெதுப்பான நீரில் விரைந்து கரையும், குளிர்ந்த நீரில் கரையாமல் ஊறிப் பிசுபிசுக்கும். தாவர நாரிலிருந்து செய்யப்படும் ஹைப்ரோமெல்லோஸ் கூடு நீரின் சூட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் திறப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கலாம். ஜெலட்டின் கூட்டில் 13 முதல் 16 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். ஈரத்தை ஈர்க்கும் பொடியை அதில் அடைத்தால் பொடி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ள, கூடு நொறுங்கத் தொடங்கும். அத்தகைய பொடிகளுக்கு, ஈரம் குறைந்த தாவரக் கூடு பொருத்தமானது. வயிற்றுக் கனத்தைப் பொறுத்தவரை, கூட்டை மாற்றுவதால் மட்டும் பெரிய வேறுபாடு தெரியாது.

பசுந்தழை

ஐயா, மிக்க நன்றி. சொன்னபடியே நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன். நான்கைந்து நிமிடங்களில் கூட்டின் இரு முனைகளும் மெலிந்து, சுருங்கி, நழுவி விட்டன. ஆனால் உள்ளிருந்த பொடி கூட்டின் வடிவத்திலேயே, ஒரு சிறு மஞ்சள் கட்டையைப் போல, தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தது. அடியில் கொஞ்சம் தூள் இறங்கியதே தவிர அரை மணி நேரம் கழித்தும் அது உடையவில்லை. கரண்டியால் எடுத்து இரண்டாகப் பிளந்தேன். வெளியே நகக்கண் அளவுக்குக் கரும்பழுப்பாக ஊறிய ஒரு தோல். நடுவிலோ, அடைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஊதினால் பறக்கும் உலர்ந்த பொடி. எட்டு மாதங்களாக இதைத்தான் நாளுக்கு ஆறு விழுங்கினேனா என்று எண்ணியபோது மனம் மிகவும் வருந்தியது.

பிறகு வேறு ஒரு கூட்டில் திணிக்காமல், தட்டி மட்டும் நிரப்பிப் போட்டேன். கூடு திறந்ததும் பொடி புகைபோல விரிந்து இறங்கியது. பத்து நிமிடங்களில் கட்டி ஏதும் மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன். அது முக்கியமா என்று தெரியவில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் காலையில் லெவோதைராக்சின் மாத்திரை எடுக்கிறேன். அதை விழுங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் கேப்சூல்களை எடுப்பேன்.

மருந்தாளுநர் (மறுமொழி)

அம்மா, நீங்கள் மறந்ததாகச் சொன்ன அந்தச் செய்திதான் இந்தக் கேள்வியிலேயே மிக முக்கியமானது. செரிமானத்தையும் பலனையும் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

லெவோதைராக்சின் மிகச் சிறிய அளவில், மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படும் மருந்து. அது குடலில் உறிஞ்சப்படும் அளவு சிறிது மாறினாலும் இரத்தத்தில் அதன் விளைவு தெரியும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று சொல்லப்படுவதும், நார்ச்சத்து மிகுந்தவை அதன் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும் என்று எச்சரிக்கப்படுவதும் இதனால்தான். அதை விழுங்கிய அரை மணி நேரத்தில் நாரும் துவர்ப்பும் நிறைந்த மூன்று கிராம் தாவரப் பொடியை உள்ளே அனுப்புவது பாதுகாப்பான பழக்கமன்று. இதே நான்கு மணி நேர இடைவெளியை மூலிகைப் பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது கேப்சூல்களை நண்பகலுக்கோ இரவுக்கோ மாற்றி விடுங்கள்.

அமுக்கராவின் நிலை இன்னும் தீவிரமானது. அது தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டியதாக மருத்துவ வெளியீடுகளில் பதிவுகள் உள்ளன. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023 இல் அதை உணவுத் துணைப்பொருள்களில் தடைசெய்தது. ஒருபுறம் பொடி உங்கள் மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்க, மறுபுறம் அமுக்கரா ஹார்மோனைத் தூண்ட, உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு எதைக் காட்டுகிறது என்று உங்கள் மருத்துவருக்கே புரியாமல் போகும். இந்த எட்டு மாதங்களில் உங்கள் மாத்திரையின் அளவு மாற்றப்பட்டதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அமுக்கராவை நிறுத்திவிட்டு, நீங்கள் எடுத்துவந்த எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மூலிகைதானே என்று சொல்லாமல் விடுவது நான் என் மேசையில் அன்றாடம் காணும் தவறு. கேட்காவிட்டால் பத்தில் ஒருவர்கூடத் தாமாகச் சொல்வதில்லை என்ற எண்ணமே எனக்கு ஏற்பட்டுவிட்டது.

மிளகு சேர்ப்பது பற்றி. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களுக்கு மஞ்சளின் செயற்பொருளான குர்குமினைத் தூயதாக 2 கிராமும், மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்தபோது, குர்குமின் இரத்தத்தில் கிடைத்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. நீங்கள் கேள்விப்பட்ட செய்தியின் வேர் அதுதான். ஆனால் பைப்பரின் இல்லாதபோது இரத்தத்தில் குர்குமின் அளக்கவே முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோ இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாத ஒன்றின் 20 மடங்கு பெரிய தொகையாகிவிடாது. மேலும், அவர்கள் கொடுத்தது பிரித்தெடுத்த குர்குமின். சாதாரண மஞ்சள் பொடியில் அது சுமார் 3 விழுக்காடுதான் இருக்கும். உங்கள் ஆறு கேப்சூல்களில் மஞ்சளின் பங்கு ஒரு கிராம் என்று கொண்டால், அதில் குர்குமின் 30 மில்லிகிராம் அளவுக்கே இருக்கும்.

பைப்பரின் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதில்தான் என் அச்சம் இருக்கிறது. வெளிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளைக் குடலிலும் கல்லீரலிலும் அது தற்காலிகமாக முடக்குகிறது. அந்த நொதிகள் மஞ்சளை மட்டும் கவனிக்கப் பிறந்தவை அல்ல. வலிப்புக்கான பினைட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோபிரனலால், மூச்சிரைப்புக்கான தியோபிலின் ஆகியவற்றின் இரத்த அளவும் பைப்பரினால் உயர்வது மனிதர்களிடம் காணப்பட்டுள்ளது. பலனைக் கூட்டுவது என்றால் எதன் பலனைக் கூட்டுகிறோம் என்று கேட்டாக வேண்டும். மஞ்சள், குர்குமின் துணைப்பொருள்களை எடுத்தவர்களிடம் 2019 இல் இத்தாலியில் கல்லீரல் அழற்சி நேர்வுகள் தொகுப்பாகப் பதிவாயின. இத்தகைய பாதிப்புகளில் உறிஞ்சலைக் கூட்டும் கலவைகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. சமையலில் சேரும் மிளகுக்கு இதைக் கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய பைப்பரினைத் தினமும் கேப்சூலில் சேர்ப்பது வேறு. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறுநீர் கருமஞ்சளாவது, கண்ணின் வெண்மை மஞ்சளிப்பது, காரணமில்லாத அரிப்பு, தொடர்ந்த பசியின்மை ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் எல்லாக் கேப்சூல்களையும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு நண்பகல் வரை பசியெடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கட்டியாய்த் தங்கும் பொடியின் வேலையாகவே இருக்கலாம், ஆயினும் தைராய்டு பரிசோதனையோடு கல்லீரல் பரிசோதனையையும் செய்துகொள்வதே முறை.

அனுபானம் (மறுமொழி)

மருந்தாளுநர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அமுக்கராவை நிறுத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம். மூலிகை மருத்துவம் பயின்றவள் என்ற வகையில், எஞ்சிய இரண்டைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கலவையின் அடிப்படைத் தவறு, தன்மையால் வெவ்வேறான பொருள்களை ஒரே கூட்டில் அடைத்து, ஒரே நேரத்தில், ஒரே தண்ணீரோடு அனுப்புவது. மருந்தைப் போலவே அதைக் கொண்டுசெல்லும் துணையையும், அதாவது அனுபானத்தையும், பெரியவர்கள் எண்ணிப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறும். சிறிதளவேனும் எண்ணெயோ நெய்யோ கலந்த உணவின் நடுவில் எடுத்தால், கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்தநீர் அதையும் சேர்த்துக் கரைத்துக்கொள்ளும். மிளகு இல்லாமல் நீங்கள் செய்யக்கூடிய பாதுகாப்பான மாற்றம் இதுவே.

திரிபலா அதற்கு நேர்மாறு. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் நீரில் நன்றாகக் கரைபவை. வெறும் வயிற்றில் செறிவாக ஓரிடத்தில் இறங்கினால் இரைப்பையின் உட்சுவரைச் சுருக்கிப் பிடிப்பதுபோல் இருந்து குமட்டும். உங்கள் குமட்டலுக்கு அதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். அதைப் பொடியாக விழுங்கவே தேவையில்லை. இரவில் வெந்நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மெல்லிய துணியில் வடித்துக் குடித்தால், சத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும், செரிக்காத நார் துணியில் தங்கிவிடும். நம்மால் செரிக்க முடியாத தாவரச் செல்சுவரை உடைக்கும் வேலையை வயிற்றுக்கு விடாமல் வெந்நீருக்கு விடுவதுதான் கஷாயத்தின் தத்துவம். நாக்கு ஏற்காது என்று நீங்கள் முன்பே சொல்லிவிட்டதால், அரைக் குவளைக்குக் கால் தேக்கரண்டி என்று நீர்த்த ஊறலாகத் தொடங்கிப் பாருங்கள். பொடியை நாக்கில் கொட்டுவதற்கும் இதற்கும் ஒப்பே இல்லை. அப்போதும் இயலாவிட்டால், சல்லடை ஐயா சொன்னபடி தளர்வாக அடைத்த ஒரே ஒரு கேப்சூலை இரவு உணவுக்குப் பின் எடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும். துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இவ்விடத்தில் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மூலிகைக்கும் கேப்சூல் பொருந்தாது. பசியைத் தூண்டுவதற்காகக் கொடுக்கப்படும் கசப்பு மூலிகைகளுக்கு நாக்கில் படும் கசப்பே மருந்தின் ஒரு பகுதி. அது பட்டவுடன் உமிழ்நீரும் செரிமான நீரும் ஊறத் தொடங்குகின்றன. அதைக் கூட்டுக்குள் மறைத்து விழுங்கினால் அந்தத் தூண்டுதல் கிடைக்காது. பூண்டுப் பொடியின் கதை வேறு வகை. அதன் செயற்பொருளான அல்லிசின் முன்கூட்டியே அதில் இருப்பதில்லை; நீர் பட்டதும் அல்லினேஸ் என்னும் நொதி அதை உருவாக்க வேண்டும். இரைப்பை அமிலத்தில் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், அமிலத்தில் கரையாமல் குடலில் திறக்கும் பூச்சோடு அதைத் தயாரிக்கிறார்கள். மலமிளக்கியான நிலாவரையின் செயற்பொருள்களோ பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகே வேலை செய்கின்றன. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பலன் தெரியவில்லை என்று மூன்று மணி நேரத்தில் இன்னொன்றை விழுங்குபவர்கள் வயிற்று முறுக்கலால் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூலிகை எங்கே திறந்து எங்கே வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான், அதைக் கேப்சூலில் எடுக்கலாமா, உணவுக்கு முன்னா பின்னா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

நிதானம் (மறுமொழி)

நெஞ்சில் ஒட்டியதாகச் சொன்னீர்களே, அதை எளிதாக விட்டுவிட வேண்டாம் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், படுக்கப் போகும்முன் ஒரு பெரிய கேப்சூலை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டேன். நள்ளிரவில் மார்பெலும்புக்குப் பின்னால் நெருப்புக் கங்கு வைத்தாற்போன்ற எரிச்சலோடு எழுந்தேன். அதன்பின் நான்கு நாட்கள் எச்சில் விழுங்கவே வலித்தது. ஜெலட்டின் ஈரம் பட்டதும் பசையாகி உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே திறந்து, உள்ளிருந்த காரமான பொடி புண்ணாக்கிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார்.

அன்றுமுதல் முதலில் ஒரு மடக்குத் தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே கேப்சூல், முழுக் குவளைத் தண்ணீர், அதன்பின் அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். விழுங்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மாத்திரையை விழுங்கும் பழக்கத்தில் நாம் தலையை அண்ணாந்து கேப்சூலையும் விழுங்குகிறோம். ஆனால் கேப்சூல் தண்ணீரைவிட இலேசானது, வாயில் மிதந்து முன்பற்கள் பக்கம் வந்துவிடும். நாக்கில் கேப்சூலை வைத்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, முகவாயை மார்புப் பக்கம் தாழ்த்திக் குனிந்தபடி விழுங்கினால் அது தொண்டைப் பக்கம் மிதந்து சென்று வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையைச் சோதித்து 2014 இல் வெளியிட்டார்கள். முதல் முறை செய்யும்போது வியப்பாக இருக்கும்.

இசப்கோல் போல நீரில் ஊதிப் பெருகும் பொடிகளைக் கேப்சூலில் எடுப்பவர்கள் இந்தத் தண்ணீர் விஷயத்தில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் அது தொண்டையிலேயே பெருத்து அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு மீண்டும் ஒருமுறை ஒட்டினாலோ, உணவு விழுங்கும்போதும் தடை தெரிந்தாலோ, கேப்சூலைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பசுந்தழை

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த எட்டு மாதங்களில் என் லெவோதைராக்சின் அளவு ஒருமுறை கூட்டப்பட்டிருந்தது என்பதை மருந்தாளுநர் கேட்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அமுக்கராவை உடனே நிறுத்தச் சொன்ன மருத்துவர், கல்லீரல் பரிசோதனையும் செய்தார். அது இயல்பாகவே இருக்கிறது. பொடி இடையில் வராமல் ஆறு வாரங்கள் மாத்திரையைத் தனியாக எடுத்த பிறகு தைராய்டு அளவைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல முடியும் என்றார். அதற்கு இன்னும் இரண்டு வாரங்கள் உள்ளன.

மஞ்சளை மட்டும் சிறிய அளவுக் கூட்டில், திணிக்காமல் தட்டி நிரப்பி, மதிய உணவின் நடுவில் இரண்டு கேப்சூல்களாக, குனிந்தபடி, ஒவ்வொன்றாக எடுக்கிறேன். காலையில் கல்லைப் போல் கனத்த வயிறு மூன்றாம் நாளே இலேசாகி விட்டது. பொடி வாசத்தோடு வந்த ஏப்பம் அறவே இல்லை. காலையில் பசி எடுக்கிறது. திரிபலாவை ஊறலாகக் குடிக்க முயன்று முதல் இரண்டு நாட்கள் முடியாமல், மூன்றாம் நாள் அம்மா சொன்ன கால் தேக்கரண்டியையும் பாதியாக்கி, மிக நீர்த்ததாக வடித்தபோது குடிக்க முடிந்தது. இப்போது மெல்ல மெல்லக் கூட்டி வருகிறேன்.

ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு மாதங்களுக்குத் தேவையானதை அடைத்து வைத்துக்கொள்ளலாமா? முன்பு அப்படித்தான் செய்தேன். கடைசிக் கேப்சூல்கள் வெளிறிப் போய், வாசமே இல்லாமல் இருந்ததாக நினைவு.

சல்லடை

இரண்டு மாதங்கள் வேண்டாம் அம்மா. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் வெளிறும், வாசனை எண்ணெய் காற்றில் பறக்கும், தெளிவான கூட்டுக்குள் இருந்தால் இரண்டும் விரைவாக நடக்கும். இரண்டு வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அடைத்து, ஒளி புகாத, இறுக மூடும் பாட்டிலில், அடுப்புக்கும் ஈரத்துக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கூடுகளை எடுக்கும்போது கை முற்றிலும் உலர்ந்திருக்கட்டும். அடைத்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். புதிதாக அடைக்கும் ஒவ்வொரு முறையும் முதல் கேப்சூலை விழுங்காமல் அந்தக் கண்ணாடிக் குவளையில் போட்டுப் பாருங்கள்.